எடின்பரோவில் வீடு எடுத்தால், வழியில் வரும் மெசேஜுக்கு 'ஓகே' போடாதீர்கள்

போன ஆகஸ்ட் கடைசி வாரம். திங்கட்கிழமையும் விடுமுறை என்பதால் லண்டனிலிருந்து எடின்பரோவுக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். அவருக்கு மூட்டுவலி. அதனால் வீடு தேடும்போது நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: படி இருக்கக் கூடாது.

பழைய நகரத்தில் அப்படி ஒரு வீடு லேசில் அகப்படாது. தேடித் தேடி ஒன்று கிடைத்தது. ராயல் மைல் தெருவிலேயே தரைத்தளம், கல் வளைவு வாசல், ஆள் உயர ஜன்னல். விவரம் கேட்டு எழுதினேன். "எங்கள் சொந்த இணையதளத்தில் நேரடியாக எடுத்தால் விலை குறையும்" என்று பதில் வந்தது. மூன்று இரவுக்கு 690 பவுண்ட், வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்ப வேண்டும். ஆகஸ்டில் அங்கே ஊர் முழுக்கக் கலை விழா. அந்த மாதத்தில் அந்த விலைக்கு அப்படி ஒரு வீடா என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பணம் போட்ட மறுநாள் மிகவும் அன்பாக ஒரு கேள்வி: "எந்த ரயிலில் வருகிறீர்கள்? கதவுப் பூட்டின் எண்ணைச் சரியான நேரத்துக்கு அனுப்பத்தான்." பரவாயில்லையே, பொறுப்பான ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு ரயில் நேரத்தைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை ரயில் நியூகாசிலைத் தாண்டியது. போனில் மெசேஜ். கொதிகலன் பழுதாகிவிட்டதாம், மன்னிக்க வேண்டுமாம், பக்கத்திலேயே அதே தரத்தில் வேறு வீடு ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். "சம்மதம் என்று பதில் போடுங்கள், உடனே பூட்டு எண்ணை அனுப்புகிறோம்." மடியில் குழந்தை தூங்குகிறது, அம்மா காப்பி கேட்கிறார், ஓட்டல்களைப் பார்த்தால் ஓர் இரவுக்கே 300 பவுண்டுக்குக் கீழே எதுவும் இல்லை. வரைபடத்தில் புது முகவரியைப் போட்டுப் பார்த்தேன். ராயல் மைலிலிருந்து விரற்கடை தூரம். "ஓகே, தேங்க்ஸ்" என்று தட்டிவிட்டேன்.

அந்த ஊருக்குப் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எடின்பரோ பழைய நகரம் மாடி வீடு மாதிரி. ஒரு தெருவுக்கு அடியில் இன்னொரு தெரு ஓடும். சவுத் பிரிட்ஜ் என்று 1788-ல் திறந்த பாலம் இருக்கிறது. மேலே நடந்தால் அது பாலம் என்றே தெரியாது, இரண்டு பக்கமும் கடைகள். அதன் 19 வளைவுகளில் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான். அந்த ஒன்றுக்கு அடியில் போவது கௌகேட் தெரு. வரைபடத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். நடந்து பார்த்தால்தான் ஒன்று மொட்டை மாடி, மற்றது நிலவறை என்று புரியும். எங்களுக்குக் கிடைத்த வீடு நிலவறைப் பக்கம்.

சரி, கீழேதானே, தரைத்தளமாவது இருக்கும் என்றால் அதுவும் இல்லை. கௌகேட்டிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் கல் படிக்கட்டில் மூன்றாவது மாடி. நடுவில் தேய்ந்து வழவழப்பான படிகள், பிடித்துக்கொள்ள ஒரு கயிறு. அம்மா இரண்டாவது திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். "சுவாமிமலையில அறுபது படி ஏறினா மேல முருகன் இருப்பான்டா. இங்க யார் இருக்கா?" என்றார்.

மேலே இருந்தது ஒரு படுக்கையறை, ஈர வாடை, கூரையில் பேட்டரி இல்லாமல் தொங்கும் புகை எச்சரிக்கைக் கருவி. கீழே மதுக்கடை. விடியும் வரை பாட்டு. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அம்மா ஸ்லோகம் சொன்னார்.

ஊர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சனிக்கிழமை ஒரு மணிக்குக் கோட்டையில் பீரங்கி வெடித்ததும் பதறிய அம்மா, 1861-லிருந்து இதே வேலையாக இருக்கிறார்கள் என்றதும் சிரித்துவிட்டார். ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது, உள்ளே மின்தூக்கி உண்டு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேயே கிடந்தோம். வீட்டுக்குத் திரும்பப் பயந்துதான்!

இங்கிலாந்தில் விடுமுறையான அந்தத் திங்கட்கிழமை ஸ்காட்லாந்தில் வேலை நாள். அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. நகராட்சிக்குப் போன் போட்டேன். அப்போதுதான் தெரிந்தது: 2022-ல் வந்த விதிப்படி அங்கே இப்படி வாடகைக்கு விடுகிறவர்கள் உரிமம் வாங்க வேண்டும், விளம்பரத்திலேயே உரிம எண்ணைப் போட வேண்டும். உரிமப் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது, யாரும் பார்க்கலாம். விளம்பரத்தில் எண் இருந்ததே என்று தேடினேன். இருந்தது, ஊரின் வேறு மூலையில் உள்ள ஒரு வீட்டுக்கு உரிய எண். ஐந்து நிமிட வேலை. முன்னாடியே செய்திருக்கலாம்.

அப்புறம் வங்கி. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றுக்காரர் என்று தெரியாமல் பணம் அனுப்பியவருக்கு 85,000 பவுண்ட் வரை வங்கி திருப்பித் தர வேண்டும் என்று விதி. தெம்பாகப் போனேன். எதிர்த்தரப்பு என்னுடைய மெசேஜை எடுத்து நீட்டியிருக்கிறது. "வாடிக்கையாளர் மாற்றத்துக்குச் சம்மதித்தார், மூன்று இரவும் தங்கினார்." ஆகவே இது மோசடி இல்லையாம், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே உள்ள தகராறாம். அந்த விதி தகராறுகளுக்குப் பொருந்தாது.

இதுதான் அவர்களுடைய சூட்சுமம். தெருவில் நிறுத்தினால் மோசடியாகிவிடும். அதனால் நிறுத்த மாட்டார்கள். ஒரு மட்டமான வீட்டைக் கையில் திணித்து, நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி எழுதி வாங்கிவிடுவார்கள். ரயில் நேரம் கேட்டது பூட்டு எண்ணுக்காக இல்லை. திரும்பிப் போக முடியாத தூரத்துக்கு நாங்கள் வந்த பிறகு கேட்கத்தான்.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 1974-ம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவைக் காட்டி, கார்டு கொடுத்த வங்கியிடமே கேட்டிருக்கலாம். 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரையான பொருளுக்கும் சேவைக்கும் அது உண்டு. மிச்சம் பிடிக்கிறேன் என்று நேரடியாக அனுப்பியதில் அந்த வழியும் அடைந்தது. ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் 5,000 பவுண்ட் வரையான வழக்குக்கு எளிய முறை இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் அனுப்ப ஆள் வேண்டுமே. அவர்கள் கொடுத்த முகவரியில் இருப்பது வாடகைத் தபால் பெட்டி.

உங்களுக்கு அப்படி மெசேஜ் வந்தால், "சம்மதம் இல்லை. வேறு வழியில்லாமல் இன்று இரவு தங்குகிறேன், பணத்தைத் திருப்பிக் கேட்பேன்" என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி என்னிடம் இருந்திருந்தால் பேச இடமாவது இருந்திருக்கும் என்று வங்கியில் பேசிய பெண்ணே சொன்னார். போய் இறங்கியதும் வீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று சும்மா தேடிப் பார்த்தேன். அதே கல் வளைவு, அதே ஜன்னல். பெயர் புதுசு, இந்த ஆகஸ்டுக்கு 790 பவுண்ட். உரிம எண் மட்டும் பழையதே.