துணி முதலில், இலச்சினை பிறகு: திருகோணமலையில் சீருடையும் அன்பளிப்புப் பொருளும் அச்சிடுவோருக்கு ஒரு மதிப்பீடு

திருகோணமலை நகரில் ரீ-சேர்ட், தொப்பி, தண்ணீர்ப் போத்தல், பேனை போன்றவற்றில் இலச்சினை பதித்துத் தரும் கடைகளுக்குள் நுழைந்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் ஐந்தாறு விதமான மாதிரிகள் அடுக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் “ஒன்றுக்கு எவ்வளவு?” என்பதாகவே இருக்கும். உப்புவெளியில் விருந்தகம் ஒன்றின் பணியாளர் சீருடை, நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகோட்டிகளின் மேற்சட்டை, விளையாட்டுக் கழகமொன்றின் போட்டி உடை, ஆண்டிறுதி அன்பளிப்புப் பொருட்கள் எனப் பலதரப்பட்ட வேலைகளை இக்கடைகளில் கொடுத்து வாங்கியவன் என்ற முறையில் இம்மதிப்பீட்டை எழுதுகிறேன். துணி எது, அதை அணிபவர் எங்கே நின்று வேலை செய்வார் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால் பதிக்கும் முறை ஏறக்குறையத் தானாகவே முடிவாகிவிடும் என்பதே எனது கருத்து. நிறங்களும் விலையும் அதற்குப் பிறகு வருபவை. கச்சான் எனப்படும் வறண்ட வெப்பக் காற்று வீசும் காலத்து வெயிலும், கடலின் உப்பும், ஓயாத வியர்வையும், அதனால் நாளாந்தம் தோய்க்க வேண்டிய தேவையும் உள்ள ஊரில், குளிரூட்டிய அலுவலகத்துக்குப் பொருந்தும் தெரிவு படகில் பொருந்துவதில்லை.

பருத்தித் துணி, ஓரிரண்டு நிறம், ஐம்பதுக்குக் குறையாத எண்ணிக்கை என்ற மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் நான் இன்றும் சிபாரிசு செய்வது ஸ்கிரீன் பிரின்ட் முறையையே. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் ஒளியுணர் பசையைப் பூசி, அதன்மேல் இலச்சினையின் படலத்தை வைத்து ஒளி பாய்ச்சி, ஒளி படாத பகுதியை நீரால் கழுவித் திறந்து, அத்திறப்பின் வழியே மையை இறப்பர்ப் பட்டையால் இழுத்துத் துணியில் இறக்குவதே இதன் செய்முறை. நிறம் ஒன்றுக்கு ஒரு சட்டம் தேவைப்படுவதால், நான்கு நிற இலச்சினைக்கான சட்டச் செலவு பத்துச் சேர்ட் அடித்தாலும் இருநூறு அடித்தாலும் ஒன்றேதான். கறுப்பு, கடுநீலம் போன்ற துணிகளில் நிறம் எடுபடக் கீழே வெள்ளை ஒரு தடவை அடிக்க வேண்டும். அதற்கும் தனிச் சட்டம். இதை முன்கூட்டியே சொல்லும் கடையும் உண்டு, பற்றுச்சீட்டில் மட்டும் சொல்லும் கடையும் உண்டு.

மையைப் பற்றியும் விசாரிக்க வேண்டும். பிளாஸ்டிசோல் எனப்படும் மை காற்றில் உலர்வதில்லை. படிந்த மையின் முழுத் தடிப்பும் ஏறக்குறைய 160 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டினால்தான் அது இறுகும். மேற்பரப்பு தொட்டால் காய்ந்ததாகத் தெரியும், ஆனால் உள்ளே இறுகியிராது. அத்தகைய அச்சு சில தோய்ப்புகளிலேயே வெடித்துவிடும். பொருளைக் கையேற்கும்போது அச்சிட்ட பகுதியை இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பார்த்தால், நன்கு இறுகிய அச்சு துணியோடு நீண்டு மீளும்; இறுகாதது கோடுகோடாகப் பிளக்கும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் இச்சோதனையைச் செய்துவிட்டே மீதிப் பணத்தைக் கொடுங்கள். நீர் சார்ந்த மை துணிக்குள் ஊறுவதால் கைக்கு மென்மையாகவும் அணிய இதமாகவும் இருக்கும். வெளிர்நிறப் பருத்திக்கு அதைவிடச் சிறந்தது வேறில்லை என்பேன். ஆனால் வறண்ட வெப்பத்தில் அது வலைக் கண்ணிலேயே உலர்ந்து அடைத்துக்கொள்ளும். கச்சான் வீசும் மாதங்களில் அச்சிடுபவர் அதை எடுக்கத் தயங்குவதற்கு இதுவே காரணம். அந்தத் தயக்கம் நியாயமானது.

பொலியெஸ்டர் துணிக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. நகரத்துக் கடையொன்றில் கழகத்தின் சிவப்புப் போட்டி உடைகளுக்கு வெள்ளை எழுத்து அடிக்கக் கொடுத்தோம். கையேற்ற அன்று எழுத்துகள் பால்வெள்ளையாகவே இருந்தன. மக்கெய்சர் மைதானத்தில் முதல் ஆட்டத்துக்கு அணிவதற்குள் அவை இளஞ்சிவப்பாகிவிட்டன. பொலியெஸ்டருக்கு நிறமூட்டும் சாயம் வெப்பத்தில் ஆவியாகி மேலே உள்ள மைக்குள் புகும் தன்மையுடையது. மையை இறுக்கும் வெப்பமே அதைக் கிளப்பிவிடுகிறது, சிலவேளை விளைவு தெரிய நாட்கள் செல்லும். குறைந்த வெப்பத்தில் இறுகும், சாயத்தைத் தடுக்கும் மைகள் இதற்கென்றே உள்ளன. சாம்பல் நிறத் தடுப்புப் படை ஒன்றை அடியில் இடுவதும் வழக்கம். அக்கடை எல்லாத் துணிக்கும் ஒரே வாளி மையையே பாவித்தது. “சிவப்புப் பொலியெஸ்டரில் வெள்ளை அடித்தால் நிறம் ஏறுமா?” என்று கேட்டுப் பாருங்கள், அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலைக் கொண்டே ஒரு கடையின் தொழிலறிவை எடைபோட்டுவிடலாம்.

இப்போது எந்தக் கடையும் முதலில் காட்டுவது டிடிஎஃப் முறையைத்தான். பிளாஸ்டிக் படலத்தில் நிறங்களை அச்சிட்டு, அவற்றின்மேல் வெள்ளை மையை இட்டு, ஈரமாயிருக்கும்போதே ஒட்டும் தூளைத் தூவி உருக்கி, பின்னர் ஏறத்தாழ 150 முதல் 160 பாகை வெப்பத்தில் துணிமேல் அழுத்திப் படலத்தை உரிக்கிறார்கள். பருத்தி, பொலியெஸ்டர், கலப்புத் துணி, கறுப்பு, வெள்ளை என எதிலும் ஒட்டும். நிறத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஒரேயொரு சேர்ட் வேண்டுமென்றாலும் செய்து தருவார்கள். ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுவுக்கும், புகைப்படம் போன்ற பலநிற வடிவத்துக்கும் இதற்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அது துணிமேல் ஒட்டப்பட்ட ஒரு தோல். காற்று அதனூடாகப் போகாது. முதுகு முழுவதும் நிரம்பிய சதுர வடிவமாக அடித்துக்கொண்ட படகோட்டிகள், நண்பகலில் முதுகில் பிளாஸ்டர் ஒட்டியதுபோல் இருக்கிறது என்று சட்டையைக் கழற்றிவிட்டார்கள். பின்னணி நிறத்தை நீக்கி, எழுத்தும் உருவமும் மட்டும் தனித்தனியாக நிற்கும்படி வடிவத்தைத் திருத்தினால் இக்குறை பெருமளவு தணியும். மெல்ல மங்கிச் செல்லும் நிழலும் ஒளிவட்டமும் இம்முறையில் சரியாக வருவதில்லை. ஓரங்களில் வெள்ளை துருத்திக்கொண்டு நிற்கும். படலத்தை உரித்தபின் மெல்லிய தாளை வைத்து இரண்டாம் முறை அழுத்தினால் பிடிமானம் கூடும். அவசரத்தில் இதைத் தவிர்த்துவிடுவது வழக்கம் என்பதால் கேட்டே செய்விக்க வேண்டியிருக்கிறது. பெயரும் இலக்கமும் மட்டும் வேண்டுமானால் வினைல் எனப்படும் நிறப் பிளாஸ்டிக் தாளை வெட்டி ஒட்டுவதே போதும்.

விருந்தகச் சீருடைக்கு எம்பிராய்டரியை விடச் சிறந்தது இல்லை. கொலர் வைத்த தடித்த சேர்ட்டின் இடது மார்பில் நூலால் நிற்கும் சின்னம், துணி நைந்து போகும் வரை உதிராது. வெண்மையாக்கும் இரசாயனம் கலந்து தோய்க்கும் விருந்தகங்கள் பொலியெஸ்டர் நூலையே கேட்டு வாங்க வேண்டும். ரேயோன் நூலின் மினுக்கம் கண்ணைக் கவர்ந்தாலும் அது அத்தகைய தோய்ப்பைத் தாங்காது. விலை தையல் எண்ணிக்கையைப் பொறுத்தது. சாதாரண மார்பு இலச்சினை 5,000 முதல் 10,000 தையல் வரை எடுக்கும். நிறைந்த பின்னணியுள்ள வட்டச் சின்னம் எளிய எழுத்தைவிடப் பன்மடங்கு செலவு தருவது இதனால்தான். படத்தைத் தையல் கட்டளைகளாக மாற்றும் வேலைக்கு ஒருமுறை கட்டணம் உண்டு; அந்தக் கோப்பின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்தமுறை வேறு கடைக்கும் கொண்டுபோகலாம்.

ஆனால் எம்பிராய்டரியில் தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். ஏறத்தாழ 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த உயரத்தில் ஆங்கிலப் பேரெழுத்தே தெளிவாக வராது என்பது பொதுவான கணக்கு. ணகரத்தின் மூன்று சுழியும், ஐகாரக் கொம்பும், மெய்யெழுத்தின் புள்ளியும் உள்ள நமது எழுத்துக்கு 8 மில்லிமீற்றரேனும் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நூல் சுழிக்குள் நிரம்பிவிட்டால் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும். புள்ளி விழுந்துவிட்டால் ‘கழகம்’ என்பது ‘கழகம’ என்று நிற்கும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் பெயரெழுதிய வட்டச் சின்னத்தை மூன்று அங்குலத்துக்குள் தைக்கச் சொல்லும் நிறுவனங்கள், மார்புக்கு எழுத்தில்லாத உருவத்தை மட்டும் தைப்பித்து, மும்மொழிப் பெயரை முதுகில் அச்சாகப் போட்டால் இரண்டும் தெளிவாக இருக்கும். மெல்லிய விளையாட்டுத் துணியில் எம்பிராய்டரி வேண்டவே வேண்டாம். துணி சுருங்கி இழுபடும். மழையங்கியிலும் வேண்டாம், ஊசித் துளை வழியே நீர் ஊறும்.

நிலாவெளிப் படகோட்டிகளுக்கு இறுதியில் நான் தெரிந்தெடுத்தது சப்ளிமேஷன். சுமார் 190 முதல் 200 பாகை வெப்பத்தில் சாயம் வாயுவாகி இழைக்குள்ளேயே புகுந்துவிடுவதால், கையால் தடவினால் அச்சிட்ட இடமே தெரியாது. வெடிக்கவோ உரியவோ அங்கே எதுவுமில்லை, காற்றோட்டமும் குறைவதில்லை. நீண்ட கையுள்ள வெள்ளை பொலியெஸ்டர் மேற்சட்டையில் நீலமும் மஞ்சளுமாக அடித்தோம். உப்புநீரில் நனைந்து காய்ந்தும் அச்சு அசையவில்லை. பளிச்சென்ற இளநிறங்கள் வெயிலில் மங்கும், ஆகவே அழுத்தமான நிறங்களையே தெரிவு செய்யுங்கள். இம்முறைக்கு வெள்ளை மை கிடையாது. ஆகவே கடுநிறத் துணியில் செய்ய இயலாது, பருத்தியில் சாயம் தங்காது. கலப்புத் துணியில் “கொஞ்சம் பழைய தோற்றம் வரும், அதுவும் அழகுதான்” என்று சொல்லி விற்கிறார்கள். அது பருத்தி இழைகள் சாயம் ஏற்காததன் விளைவு.

அன்பளிப்புப் பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேனைக்கு, செதுக்கிய தகட்டிலிருந்து சிலிக்கன் மெத்தை மையை எடுத்து வளைந்த மேற்பரப்பில் வைக்கும் பேட் பிரின்ட் போதும். ஒரு நிறத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். கோப்பைக்குச் சப்ளிமேஷன் என்றால் அதற்கென்று பூச்சிட்ட கோப்பையே வேண்டும். வீட்டிலிருந்து கொண்டுபோகும் பீங்கானில் சாயம் பிடிக்காது. துருப்பிடிக்காத உருக்குப் போத்தலுக்கு லேசர் செதுக்கல் அழியாதது, நேர்த்தியானது. நிறப்பூச்சுள்ள போத்தலில் பூச்சு நீங்கி உள்ளிருக்கும் உலோகம் வெண்மையாகத் தெரிவது மிக அழகு. ஆழமாகச் சுட்டால் உலோகத்தின் பாதுகாப்புப் படை குலைந்து, கடற்காற்றில் செதுக்கிய கோட்டிலேயே துரு எட்டிப்பார்க்கும் என்பதால், ஒரு போத்தலைச் செய்வித்துச் சில காலம் வெளியே வைத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுத்தேன்.

நான் இப்போது தொடர்ந்து போகும் கடை மத்திய வீதியை ஒட்டிய ஓர் ஒழுங்கையில் உள்ளது. பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார், ஏற்கெனவே வேலை நிரம்பி வழிகிறதாம். துணியைத் தொட்டுப் பார்க்காமல் விலை சொல்லமாட்டார். துணித்துண்டு கொண்டுவரவில்லை என்றால் “நாளைக்குக் கொண்டாங்கோ, பிறகு கதைப்பம்” என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஸ்கிரீன் பிரின்டும் டிடிஎஃப்பும் அவரது கடையிலேயே நடக்கின்றன. எம்பிராய்டரியை வெளியே கொடுத்தே செய்விக்கிறார், அதை மறைப்பதுமில்லை. முழுத்தொகையும் அடிப்பதற்கு முன் ஒரு மாதிரி செய்து, அளவைச் சென்றிமீற்றரில் குறித்துக் கையொப்பம் வாங்குகிறார். வட்ஸ்அப்பில் அனுப்பிய மங்கிய படத்தை ஏற்காமல், எத்தனை மடங்கு பெருப்பித்தாலும் ஓரம் சிதையாத கோட்டுருக் கோப்பையே கேட்கிறார். பாமினி எழுத்துருவில் வடிவமைத்த கோப்பானால், எழுத்துகளை வளைகோடுகளாக மாற்றி அனுப்பும்படி வற்புறுத்துகிறார். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அது திறக்கும்போது தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரிசையாக நிற்கும்.

குறை என்றால் தாமதம்தான். ஆண்டின் தொடக்க மாதங்களில் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்கான உடைகள் குவிந்துவிடும். அக்காலத்தில் சிறிய வேலைகள் பின்தள்ளப்படும், வெளியே கொடுக்கும் எம்பிராய்டரி இன்னும் பிந்தும். கோடைச் சுற்றுலாப் பருவத்துக்குச் சீருடை தேவைப்படும் விருந்தகங்கள் மார்கழிக்கு முன்பே தையல் வேலையைக் கொடுத்துவிடுவது நல்லது. அச்சு வேலையை மாசிக்குப் பிறகு கொடுத்தாலும் கிடைத்துவிடும்.