‘அயோடின் அலர்ஜி’ என்று எழுதிவிட்டு கண்ணில் வேறெதைப் போடுகிறார்கள்?

கண்புரை ஆபரேஷனுக்கு வந்த ஓர் அம்மா, இறால் சாப்பிட்டால் உடம்பு தடிக்கும் என்று வார்டில் சொன்னார். கேஸ் ஷீட்டில் ‘அயோடின் அலர்ஜி’ என்று ஏறிவிட்டது. தியேட்டரில் அயோடின் கலந்த கிருமிநாசினியான பெட்டாடினை ஒதுக்கிவிட்டு, டாக்டர்கள் கை கழுவும் 4% குளோர்ஹெக்சிடின் ஸ்க்ரப்பால் இமையைத் துடைத்தார்கள். மரத்துப்போன கண்ணுக்கு எரிச்சல் எங்கே தெரியும்? மறுநாள் கட்டைப் பிரித்தபோது கருவிழி வெளுத்து வீங்கியிருந்தது. பில்லில் ‘அலர்ஜி கிட்’ என்று தனிக் கட்டணம் வேறு.

இறால் ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம். அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சமையல் உப்பிலேயே அயோடின் இருக்கிறது. ஸ்கேன் சாயம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதே பதில்தான். பெட்டாடினுக்கே நிஜ ஒவ்வாமை உண்டு, ஆனால் அபூர்வம். முன்பு தடவிய இடத்தில் அரிப்பும் கொப்புளமும் நாள்கணக்கில் நின்றிருந்தால், ஆபரேஷனுக்கு முன்பே தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (மருந்தைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்த அன்று கண் உறுத்திச் சிவப்பது பெரும்பாலும் மருந்தின் எரிச்சல்தான். அதை வைத்து அலர்ஜி முத்திரை குத்தினால், கண்ணுக்குள் சீழ் பிடிக்காமல் காக்கும் மிக நல்ல மருந்தை இழக்கிறீர்கள்.

வழக்கமான முறை: இமைத் தோலுக்கு 10% போவிடோன் அயோடின் (பெட்டாடின்) சொல்யூஷன், கண்ணின் மேற்பரப்புக்கு அதையே ஸ்டெரைல் சலைனில் சரிபாதி கலந்து 5% ஆக்கி, மூன்று நிமிடம் விட்டுக் கழுவுவார்கள். 7.5% ஸ்க்ரப் பாட்டில் கூடவே கூடாது, அதில் சோப்பு இருக்கிறது. மரத்துப்போகும் ஜெல்லை முதலில் போட்டால் அதன் படலம் மருந்தைத் தடுத்துவிடும். அயோடின்தான் முதலில், ஜெல் பிறகு.

நிஜமாகவே ஒவ்வாமை என்றால், கண்ணுக்கு ஏற்ற மாற்று 0.05% குளோர்ஹெக்சிடின். தண்ணீரில் கரைத்ததாக மட்டுமே இருக்க வேண்டும். 4% ஸ்க்ரப், ஸ்பிரிட் கலந்த 2%, செட்ரிமைடு என்ற சோப்பு போன்ற கிருமிநாசினி சேர்ந்தவை எல்லாம் கருவிழியைப் பொசுக்கும். முகம் துடைத்த 4% ஸ்க்ரப் வழிந்து கருவிழி நிரந்தரமாக மங்கிய சம்பவங்கள் 1980களிலேயே மருத்துவ இதழ்களில் வந்தவை. ஸ்பிரிட்டில் இன்னொரு ஆபத்து: ஈரம் காயும் முன் காட்டரி (ரத்தக்கசிவை நிறுத்தச் சுடும் கருவி) வைத்தால் தீப்பிடிக்கும். குளோர்ஹெக்சிடினுக்கும் கடும் ஒவ்வாமை உண்டு என்பதால், அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தவறான மருந்து கண்ணில் பட்டுவிட்டால் அந்த நிமிடமே இமையை விரித்து சலைனால் தாராளமாகக் கழுவ வேண்டும். கட்டுப் போட்டு மறுநாள் பார்ப்பது கொடுமை.

டிஸ்சார்ஜ் சம்மரியில் போட்ட மருந்தின் பெயர், சதவீதம், சோப்போ ஸ்பிரிட்டோ கலந்ததா என்று எழுதி வாங்குங்கள். மற்றொரு கண்ணுக்கு ஆபரேஷன் வரும்போது முதலில் தேவைப்படுவது அதுதான்.