சிவப்பு கோப்பிபாட் ஜாடி: மூன்று வருட அனுபவம்

என் கடல்நீர்த் தொட்டியில் இருந்த மாண்டரின் மீன் காய்ந்த தீனியைத் தொடவே மாட்டேன் என்றது. அதற்கு உயிர்த்தீனியாக வாங்கியதுதான் டைகிரியோபஸ் கலிபோர்னிகஸ் என்ற சிவப்பு கோப்பிபாட், இறால் இனத்தைச் சேர்ந்த பொடி நீர்வாழ் உயிரி. அளவு ஒரு மில்லிமீட்டர் சொச்சம், செங்கல் நிறம்.

ஐந்து லிட்டர் ஜாடி, லிட்டருக்கு 35 கிராம் உப்பு, குமிழியைப் பொடியாக்கும் கல் மாட்டாத வெறும் காற்றுக்குழாய். பெரிய குமிழி மெதுவாக வந்தால் போதும், பொடிக் குமிழி குஞ்சுகளுக்கு ஆகாது.

முதல் மாதத்தில் ஒன்றின் பின்னால் இன்னொன்று ஒட்டிக்கொண்டு நீந்துவதைப் பார்த்து, கடித்துத் தின்கின்றனவோ என்று பதறினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. பின்னால் இருப்பது ஆண். முன்னால் இருப்பது இன்னும் பருவத்துக்கு வராத பெண். உணர்கொம்பால் பிடித்துக்கொண்டு நாள் கணக்கில் காவல் இருக்கிறது. காரணம், பெண் ஆயுளில் ஒரே முறைதான் இணையும். அந்த விந்தைச் சேமித்து வைத்தே அடுத்தடுத்து முட்டைப் பை போடும். பை முதலில் கரும்பச்சையாக இருக்கும், பொரிக்கிற சமயத்தில் செம்மஞ்சளாக மாறும். அந்த நிறத்தைப் பார்த்தே குஞ்சு வரும் நாளைச் சொல்லிவிடலாம்.

பாசி கிடைக்காத ஒரு மாதம் ஈஸ்ட் மட்டும் கொடுத்தேன். பெருகத்தான் செய்தன, ஆனால் வெளிறிப் போயின. அவற்றின் சிவப்பு நிறமே தின்னும் பாசியிலிருந்துதான் வருகிறது. பாசி கலந்த பச்சைத் தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் நிறம் திரும்பியது. தீனியே இல்லாமல் விட்டால் மட்டும் பெரியவை குஞ்சுகளைத் தின்றுவிடும். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்தால் உடனே பாசி ஊற்றுங்கள்.

டிஸ்பே என்ற இன்னொரு கோப்பிபாட் வகையும் தனி ஜாடியில் வைத்திருக்கிறேன். அது கண்ணாடியை ஒட்டி ஊர்ந்தே திரியும். மீன் தொட்டியில் விட்டால் பாறை இடுக்கில் புகுந்து நிலைத்துவிடும். டைகிரியோபஸ் துள்ளித் துள்ளி வெளியில் நீந்துவதால் மீன் கண்ணில் உடனே படும். தீனிக்கு இது, குடியேற்ற அது.

போன கோடையில் பத்து நாள் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் ஜாடியில் கால்வாசித் தண்ணீர், ஓரமெல்லாம் உப்பு. அத்தனையும் அடியில் அசையாமல் கிடந்தன. கொட்டிவிடக் கை போனது. ஆனால் இவை பசிபிக் கரையில் அலை தெறித்துத் தேங்கும் பாறைக் குழிகளில் வாழ்பவை. வெயிலில் அந்தக் குழி வற்றும், மழையில் நிரம்பும். அந்த நம்பிக்கையில் உப்பில்லாத தண்ணீரை இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மூன்றாம் நாள் காலை டார்ச் அடித்தேன். அடியிலிருந்து ஒன்று துள்ளியது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று.