வெள்ளித் தண்ணீருக்கு 14,400 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், நீங்களும் ஏமாறாதீர்கள்

நேற்று ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். கோபத்தில் கை ஓடவில்லை. இன்று எழுதியே தீர வேண்டும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் தயவுசெய்து படியுங்கள்.

அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்கும் எதிர்சேவை பார்க்கத் தல்லாகுளத்துக்கு நடந்து போனதில் செருப்பு கடித்து, சுண்டுவிரல் ஓரம் புண்ணாகிவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். புண் ஆறுகிற மாதிரி தெரியவில்லை. தெருவில் ஒருவர் சொல்லி, இயற்கை நலப் பொருட்கள் விற்கிற ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். உட்கார வைத்து மோர் கொடுத்தார். கொலாய்டல் சில்வர், அதாவது கூழ்ம வெள்ளி என்றார்; கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் மிதக்கும் தண்ணீர். 650 வகைக் கிருமிகளை ஆறே நிமிடத்தில் கொல்லும் என்று நோட்டீஸ் காட்டினார். அப்போதும் தயங்கினேன். அப்புறம்தான் கேட்டார்: "ஏங்க்கா, உங்க பிள்ளைக்கு வெள்ளிச் சங்குலதான பால் புகட்டுனீக? நம்ம பெரியவுக காரணம் இல்லாமயா செஞ்சாக?"

அந்தக் கேள்வியில்தான் விழுந்தேன். அம்மா எனக்குப் புகட்டிய சங்கு, நான் என் மகனுக்குப் புகட்டிய அதே சங்கு, இன்னும் பீரோவில் இருக்கிறது. அதை வைத்தே என்னை மடக்கிவிட்டார்.

உடனே ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, பேனா மாதிரி ஒரு மீட்டரை விட்டார். 20 என்று காட்டியது. "பாருங்க, 20 பிபிஎம், அச்சு அசல் வெள்ளி." மூன்று மாதத்துக்கு ஆறு பாட்டில், ஒன்று 2,400 ரூபாய். அங்கேயே போனில் 14,400 ரூபாய் அனுப்பினேன். காலையும் மாலையும் இரண்டு ஸ்பூன் குடிக்க, மீதியில் புண்ணைக் கழுவ. "ஆன்டிபயாட்டிக் மட்டும் நிறுத்திருங்க, இதோட சேராது" என்றார். நிறுத்தினோம். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பதினெட்டாம் நாள் பாதம் வீங்கி, சீழ் வைத்து, காய்ச்சல். போன் செய்தேன். "கெட்டதெல்லாம் வெளியேறுதுக்கா, நல்லதுதான்." மறுநாள் செய்தால், "ஸ்டீல் ஸ்பூன்லயா குடுத்தீக? பிளாஸ்டிக்லதான் குடுக்கணும்." அதற்கு அடுத்த நாள் "முதலாளி கோயம்புத்தூர் போயிருக்காக." நேரில் போய், பிரிக்காத நாலு பாட்டிலையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "இது உணவுப் பொருள், ரிட்டர்ன் கிடையாது." விற்கும்போது மருந்து, பணம் கேட்டால் உணவுப் பொருள்! லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில், எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானது அல்ல என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. பில் கேட்டேன், துண்டுச் சீட்டுதான் கொடுத்தார். இப்போது என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

அந்த மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் வேதியியல் எடுக்கும் என் சித்தி மகள்தான் விளக்கினாள். அது தண்ணீரில் கரைந்த உப்பைப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டர். வெள்ளியா சுண்ணாம்பா என்று அதற்குத் தெரியாது. அதே மாதிரி ஒரு மீட்டரை எங்கள் வீட்டு போர் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம், 1,140 காட்டியது. பாட்டில் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டாள், லேசாகப் பால் கலந்த மாதிரி வெளுத்தது. உப்பிலுள்ள குளோரைடோடு கரைந்த வெள்ளி சேர்ந்தால் இப்படி வெளுக்குமாம். அப்படியென்றால் அதில் இருப்பது வெறும் கூழ்மம் இல்லை, கரைந்த வெள்ளி அயனியும் (மின்னூட்டம் உள்ள அணு) இருக்கிறது. வயிற்று அமிலத்திலும் இதே மாதிரி வெள்ளி குளோரைடாகப் படியும்.

20 பிபிஎம் என்றால் ஒரு லிட்டரில் 20 மில்லிகிராம். அரை லிட்டர் பாட்டிலில் 10, ஆறு பாட்டிலில் 60 மில்லிகிராம். தெற்காவணி மூல வீதியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் மாமா கணக்குப் போட்டார். வெள்ளி கிராம் ஐந்நூறு ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் முப்பது ரூபாய்ச் சரக்கு. அதற்கு 14,400 ரூபாய்!

வெள்ளிக்குக் கிருமியைக் கொல்லும் குணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தீக்காயத்துக்கு சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு டாக்டர்களே போடுகிறார்கள். அது தோலுக்கு மேல், அளவு பார்த்து. கண்ணாடிக் குழாயில் கிருமி செத்தால் உடம்புக்குள்ளும் சாகும் என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999-லேயே கூழ்ம வெள்ளி பாதுகாப்பானதாகவோ பலன் தருவதாகவோ ஏற்கப்படவில்லை என்று சொல்லிவிட்டது. நம் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-ல் வெள்ளிக்கு உச்ச அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். கடைக்காரர் சொன்ன 20 பிபிஎம் உண்மையென்றால் அதைப்போல 200 மடங்கு செறிவுள்ள தண்ணீரை அம்மா குடித்திருக்கிறார். வருடக்கணக்கில் குடித்தால் தோல் நீலச் சாம்பலாகலாம், அப்புறம் பெரும்பாலும் திரும்ப மாறாது. பால் கரசன் என்ற அமெரிக்கர் அப்படித்தான் ஆனார்.

பெரியாஸ்பத்திரியில் புண்ணைச் சுத்தம் செய்து ஊசி போடுகிறார்கள். விரல் தப்பும் என்கிறார் டாக்டர். ஆன்டிபயாட்டிக்கை ஏன் நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்டபோது என்னால் தலை நிமிர முடியவில்லை.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், நேரமில்லை. மீட்டர் காட்டினால் நம்பாதீர்கள். பில் தராத கடையில் பணம் அனுப்பாதீர்கள். சர்க்கரைப் புண்ணுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன், துண்டுச் சீட்டும் பணம் அனுப்பிய விவரமும் போனில் இருக்கிறது. இதே மாதிரி வாங்கியவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள். நாலு மணிக்கு அம்மாவுக்குக் கட்டு மாற்றுவார்கள், கிளம்புகிறேன்.