குன்னூர்ல ரெண்டு வருஷத்துக்கு மேல லேப்டாப்போட: கஃபேவா கோ-வொர்க்கிங்கா, என் கணக்கு

மழை நாள்ல கரண்டு போனா டேபிள் பக்கத்துல இருக்கற பிளக் பாயிண்ட் வேலை செய்யுமா? குன்னூர்லயோ கோத்தகிரிலயோ கோ-வொர்க்கிங் இடம், அதாவது டேபிளும் நெட்டும் வாடகைக்கு குடுக்கற பொது ஆபீஸ், பாக்கப் போறவங்க மொதல்ல இத கேளுங்க, வாடகை, காபி, வியூ எல்லாம் அப்புறம். இத கேக்காம நான் பட்டது கொஞ்சநஞ்சம் இல்ல, அதனால தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

2023 ஜூன்ல சென்னைலருந்து குன்னூருக்கு குடி வந்தோம். வீட்டுக்காரருக்கு இங்க வேலை, எனக்கு முழுக்க ரிமோட். இன்சூரன்ஸ் சாஃப்ட்வேர் பண்ற ஒரு ஆபீஸ்ல சப்போர்ட் டீம் பாக்கறேன், ஒரு நாளைக்கு மூணு நாலு ஃபோன் கால் கட்டாயம் இருக்கும். வீட்லயே உக்காரலாமேன்னு எல்லாரும் கேக்கறாங்க. வீடு டீ எஸ்டேட் ஓரமா பள்ளத்துல இருக்கு, மொபைல்ல ஒரு கோடு தான் சிக்னல், ஃபைபர் லைன் போட்டிருக்கோம் ஆனா காத்தடிச்சு மரம் ஒண்ணு சாஞ்சா லைன் அறுந்துடும், ஒட்ட ஆள் வர மூணு நாள் ஆகும். பையன் வேற சின்னவன், அம்மா அந்த ரூம்ல இருக்கான்னு தெரிஞ்சா கதவ தட்டிட்டே இருப்பான்.

அதனால மொத ஒரு வருஷம் கஃபே தான். வாடகை கட்ட வேணாம், ஒரு காபி குடிச்சா போதும்னு நினைச்சேன், இந்த நினைப்பு தான் செலவ இழுத்து விட்டுச்சு. காபி 160, மதியத்துக்கு சாண்ட்விச் 240, மேல அஞ்சு பர்சன்ட் ஜிஎஸ்டி 20, ஆக ஒரு நாளைக்கு 420. மாசம் 22 நாள்னா 9,240 ரூபா. நீலகிரில பிளாஸ்டிக் பாட்டில் தண்ணிக்கு தடை இருக்கறதால நான் போன கஃபேல கண்ணாடி பாட்டில்ல தான் தண்ணி, அதுக்கு தனி காசு, வீட்லருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு போக ஆரம்பிச்ச அப்புறம் தான் அது மிச்சமாச்சு. பில்லுல சில இடத்துல சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருப்பாங்க, அத கட்டாயமா கேக்கக் கூடாதுன்னு 2022-லயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு, எடுக்கச் சொன்னா எடுத்துடுவாங்க. ஆனா தினமும் உக்கார்ற இடத்துல தினமும் அத கேக்க எனக்கு மனசு வரல.

காச விட பெரிய கணக்கு நேரம். கஃபேல ஆறு மணி நேரம் உக்காந்தா உருப்படியா மூணு மணி நேரம் தான் வேலை நடந்துச்சு, நான் ஒரு மாசம் டைம் எழுதி வெச்சே பாத்தேன். அப்ப ஒரு மணி நேர வேலைக்கு 140 ரூபா. நான் போன கஃபேங்க எல்லாம் பத்து மணிக்கு தான் திறப்பாங்க, என் மொத கால் ஒம்போது மணிக்கு, அத பெட்ஃபோர்ட் பக்கம் ஏதாவது படிக்கட்டுல உக்காந்து மொபைல்லயே பேசிட்டு போவேன். பத்தரை வாக்குல மேட்டுப்பாளையத்துலருந்து மலை ரயில் வந்து சேந்துடும், அப்புறம் கொஞ்ச நேரத்துல டேபிள் எல்லாம் ஃபுல்லு, குழந்தைங்க சத்தம், ஃபோட்டோ, பாட்டு. நடுவுல ஒரு கஸ்டமர் பேரையும் பாலிசி நம்பரையும் நான் சத்தமா படிக்க முடியுமா? அது தப்பு. அவங்க விவரத்த பக்கத்து டேபிள்காரங்க கேக்கற மாதிரி பேசறது எந்த சம்பளத்துக்கும் சரியில்ல. அந்த மாதிரி கால் வந்தா வெளிய மழைல குடை பிடிச்சுட்டு நின்னு பேசியிருக்கேன்.

2024 மே மாசம் சீசன். ஹைகோர்ட் சொல்லி 7-ஆம் தேதிலருந்து வெளியூர் வண்டிங்க நீலகிரிக்கு வர இ-பாஸ்னு ஆன்லைன் அனுமதி வந்துச்சு, கூட்டம் குறையும்னு நினைச்சோம், லீவு நாள்ல நான் போற கஃபேல ஒண்ணும் குறையல. ஒரு நாள் அங்க வேலை பாக்கற தம்பி பக்கத்துல வந்து "அக்கா, தப்பா நினைக்காதீங்க, வெளிய எட்டு பேரு நிக்கறாங்க, நீங்க அந்த மூலை ஸ்டூல்ல உக்காந்துக்கறீங்களா"ன்னு கேட்டான். அவன் கேட்ட விதம் அவ்ளோ பணிவு. அன்னிக்கு தான் அந்தப் பக்கம் இருந்து யோசிச்சேன், சீசன் ரெண்டு மாசம் தான் அவங்களுக்கு நல்ல வருமானம், நாலு பேரு உக்கார்ற டேபிள நான் ஒரு காபிக்கு ஆறு மணி நேரம் பிடிச்சு வெச்சிருக்கேன். அதோட தினசரி கஃபேய விட்டுட்டேன்.

ஜூன்ல ஒரு கோ-வொர்க்கிங்ல சேந்தேன், பேரு வேணாம். மாசம் 6,500, பதினெட்டு பர்சன்ட் ஜிஎஸ்டி 1,170, மொத்தம் 7,670. ஒரு நாள் பாஸ்னா 450, வரியோட 531. வகுத்துப் பாருங்க, மாசத்துல பதினஞ்சு நாளாவது போறவங்களுக்கு தான் மாச பாஸ் லாபம். ஏழு மணி நேரம் ஒழுங்கா வேலை நடக்குது, 22 நாளைக்கு 154 மணி நேரம், மணிக்கு அம்பது ரூபா கூட வரல. மதியத்துக்கு வீட்டு டிஃபன் பாக்ஸ், நாலு மணிக்கு கீழ பேக்கரில டீயும், வர்க்கின்னு இந்த ஊர் மொறுமொறு பிஸ்கட் ரெண்டும். நாலு மாசம் ரொம்ப சந்தோஷமா போச்சு.

அக்டோபர் கடைசில மழை பிடிச்சுச்சு. எங்க பக்கம் வடகிழக்குப் பருவமழை தான் ஆள ஆட்டி வெக்கும், மண் சரியும், மரம் விழும். அன்னிக்கு பதினோரு மணிக்கு கரண்டு போச்சு. சேரும்போது ஃபுல் பேக்கப்னு சொல்லியிருந்தாங்க. லைட்டு எரிஞ்சுது, வைஃபை ஓடுச்சு, பிளக் பாயிண்ட்ல மட்டும் கரண்டு இல்ல. இன்வெர்ட்டர் தான் வெச்சிருக்காங்க, பிளக்குக்கு கனெக்ஷனே குடுக்கல. ரெண்டு மணிக்கு லேப்டாப் செத்துடுச்சு, மூணு மணிக்கு ஒரு பெரிய கிளையன்ட்டுக்கு நான் டெமோ காட்டணும். மொபைல்லருந்து பேச்சு மட்டும் பேசினேன், ஸ்கிரீன் காட்ட முடியல, என் டீம்ல இன்னொரு பொண்ணு எதையும் தயார் பண்ணாம அத எடுத்து நடத்துனா. அடுத்த மூணு வாரத்துல இதே மாதிரி நாலு நாள். காசுல கொஞ்சம் திருப்பித் தாங்கன்னு கேட்டேன், எழுத்துல அப்படி ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. எனக்கு இன்னும் அது வலிக்குது, ஏன்னா நான் வாயால சொன்னத நம்பினேன்.

இப்ப இருக்கற இடம் 2025 ஜனவரிலருந்து. சேர்றதுக்கு முன்னாடி மெயின் சுவிட்ச அணைச்சு காட்டச் சொன்னேன், இடத்த நடத்தறவர் சிரிச்சுட்டே அணைச்சார், ஜெனரேட்டர் எடுத்துச்சு, என் சார்ஜர்ல லைட் வந்துச்சு, அப்புறம் தான் காசு கட்டினேன். நெட்டையும் இதே மாதிரி பாருங்க. ரெண்டு கம்பெனி லைன் இருக்குன்னு பெருமையா சொல்வாங்க, வெளிய வந்து அண்ணாந்து பாத்தா ரெண்டு வயரும் ஒரே போஸ்ட்ல தொங்கும், ஒரு மரம் விழுந்தா ரெண்டும் போச்சு. இங்க ஒண்ணு ஃபைபர், இன்னொண்ணு சிம் போட்ட ரூட்டர். வாடகை பழைய இடத்த விட ஆயிரம் ரூபா அதிகம், வரியோட 8,850. குடுக்கலாம். குளிர் தான் ஒரே குறை, டிசம்பர் ஜனவரில காலைல விரல் விறைச்சு டைப் பண்ண வராது, லோடு தாங்காதுன்னு ஹீட்டருக்கு அனுமதி இல்ல, ஸ்வெட்டரும் விரல் தெரியற உல்லன் கிளவுஸும் போட்டுக்கறேன்.

வரி விஷயம் ஒண்ணு, இது நெறைய பேருக்கு தெரியல. என் ஃப்ரெண்டு ஃப்ரீலான்ஸ், ஜிஎஸ்டி நம்பர் வெச்சிருக்கா, கோ-வொர்க்கிங் பில்லுல கட்டற வரிய அவ இன்புட் கிரெடிட்டா, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டில கழிச்சு, எடுத்துக்கறா. கஃபே பில்லுல அது நடக்காது, சாப்பாட்டுக்கு அந்த கிரெடிட் இல்ல. சம்பளத்துல இருக்கறவங்க ஹெச்ஆர்ட்ட கேட்டுப் பாருங்க, பில்ல கம்பெனி பேர்ல, அவங்க ஜிஎஸ்டி நம்பரோட வாங்கிக் குடுத்தா எங்க ஆபீஸ்ல பாதி வாடகை குடுத்தாங்க. கஃபே பில்ல நீட்டினா யாரும் பாக்கக் கூட மாட்டாங்க.

கஃபேய முழுசா விடல. கால் இல்லாத வெள்ளிக்கிழம, சீசன் இல்லாத மாசம், மதியம் ரெண்டு மணிக்கு மேல கூட்டம் குறைஞ்ச நேரத்துல அதே பழைய கஃபேக்கு போறேன், டாக்குமெண்ட் எழுதற வேலைக்கு அந்த ஜன்னலும் அதுல ஏறி வர்ற மிஸ்ட்டும் எனக்கு வேணும். ஒரு காபியோட நிறுத்த மாட்டேன், ரெண்டு மணி நேரத்துல எந்திரிச்சுடுவேன், மூலை ஸ்டூல்ல தான் உக்காருவேன். அந்த தம்பி இப்ப கேக்காமயே சார்ஜருக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டு வந்து வெச்சுடறான்.