லெஃப்காடாவா, ஸ்ப்ளிட்டா, ஜிப்ரால்டரா: ஒரு வாரப் பாய்மரப் பயிற்சிக்கு எந்தக் கடல்?

மத்தியதரைக் கடலில் ஒரு வாரம் படகிலேயே தங்கிப் பாய்மரம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளைத் தேடினால் எல்லாருடைய படங்களும் ஒரே மாதிரிதான் இருக்கும்: நீலத் தண்ணீர், வெள்ளைப் படகு, கையில் கோப்பையோடு சிரிக்கும் நாலு பேர். படத்தை விட்டுவிடுங்கள். பாடத்திட்டம் ஒன்றாகவே இருந்தாலும் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த வாரத்தில் உங்கள் கை பழகும் வேலை அடியோடு மாறிவிடும். அதை வைத்துத்தான் மூன்று இடங்களை இங்கே ஒப்பிடுகிறேன்: கிரீஸின் அயோனியக் கடலில் லெஃப்காடா, குரோஷியாவில் ஸ்ப்ளிட், அப்புறம் ஜிப்ரால்டர்.

பெரும்பாலான பள்ளிகள் நடத்துவது பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன், அதாவது ஆர்.ஒய்.ஏ. பாடங்கள். கம்பீட்டன்ட் க்ரூ, அதாவது படகில் உதவியாளாக வேலை செய்யப் பழகும் பாடம், படகையே பார்க்காதவர்களுக்கும் பொருந்தும். டே ஸ்கிப்பர் என்றால் நீங்களே படகை நடத்த வேண்டும். அதற்கு வருபவர் ஏற்கெனவே 5 நாள் படகில் இருந்து, 100 கடல் மைல் போய், 4 மணி நேரமாவது இரவில் ஓடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். வரைபடம் போடுவது, விளக்குகளின் அடையாளம், வழி விடும் விதிகள் எல்லாம் கரையிலேயே படித்துவிட்டு வந்தால் நல்லது. இரண்டுமே 5 நாள் பாடங்கள். சனிக்கிழமையிலிருந்து சனிக்கிழமை என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் முதல் மாலை சாமான் ஏற்றுவதிலும் பாதுகாப்பு விளக்கத்திலும் போய்விடும், பல இடங்களில் வெள்ளி சாயங்காலமே படகு திரும்பி டீசல் போட வரிசையில் நிற்கும்.

முதலில் லெஃப்காடா. கோடையில் இங்கே காற்று அலுவலகம் போகிற ஆள் மாதிரி: காலையில் தூங்கும், மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து எழுந்து போஃபோர்ட் என்ற காற்று அளவுகோலில் 4, 5 வரை வீசும், பொழுது சாய்ந்தால் அடங்கிவிடும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட வசதி கிடையாது. காற்றில்லாத காலை நேரத்தில் இன்ஜினை வைத்துத் துறையில் கட்டிப் பழகலாம், தண்ணீரில் விழுந்தவரை மீட்கும் பயிற்சியை மிதவையை வீசி நிதானமாகச் செய்யலாம். மதியம் பாயைச் சுருக்குவது, படகின் முன்பக்கத்தைக் காற்றினூடே திருப்பும் டாக், பின்பக்கத்தைத் திருப்பும் ஜைப் எல்லாம் நிஜக் காற்றில். மெகனீசி, கலமோஸ், இத்தாக்கா, கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்டோ என்று தீவுகள் கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே கிடக்கின்றன. இதில் ஒரு குறையும் உண்டு. அடுத்த துறைமுகம் கண்ணுக்கே தெரிகிறபோது யாரும் வரைபடத்தைத் தொட மாட்டார்கள். நல்ல பயிற்றுநர் என்றால் ஜிபிஎஸ் திரையைத் துண்டால் மூடிவிட்டு, இரண்டு முனைகளுக்குத் திசைகாட்டி பிடித்து "நாம எங்க இருக்கோம், சொல்லு" என்று கேட்பார். கேட்காத பயிற்றுநரிடம் மாட்டினால் அது விடுமுறைதான்.

அயோனியனின் உண்மையான பாடம் மாலையில், ஊர்த் துறையில் நடக்கிறது. இங்குள்ள சின்ன ஊர்களில் படகைப் பக்கவாட்டில் கட்டுவது குறைவு. முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்புறமாகக் கரையை நோக்கி வந்து கட்ட வேண்டும். சொல்ல எளிது. இரண்டு படகுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி, அதற்கு நேராகப் பின்புறத்தைத் திருப்பி, மூன்று நான்கு படகு நீளம் முன்னாலேயே நங்கூரத்தை விடச் சொல்கிறீர்கள். பின்னோக்கிப் போட்டதும், பெரும்பாலான படகுகளில், சுக்கான் பிடிக்கும் அளவுக்கு வேகம் வருவதற்குள் புரொப்பல்லர் பின்புறத்தை இடது பக்கம் இழுத்துவிடும். அதை முன்கூட்டியே கணக்கில் எடுக்காவிட்டால் பக்கத்துப் படகுக்காரர் கையில் மோதலைத் தாங்கும் ஃபெண்டரோடு எழுந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். முன்னால் நிற்பவர் சங்கிலியை நாம் போகும் வேகத்துக்கே விட வேண்டும்: சீக்கிரம் நிறுத்தினால் படகு கரைக்கு எட்டாமல் நின்று கோணலாகும், அளவில்லாமல் கொட்டினால் அடியில் குவியலாகக் கிடக்குமே தவிர நங்கூரம் மண்ணைக் கடிக்காது. காற்று வரும் பக்கத்துக் கயிறு முதலில் கரைக்கு. அதற்குப் பிறகு சங்கிலியை இழுத்து நங்கூரம் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், இதைச் செய்யாமல் சாப்பிடப் போகிறவர்களால்தான் நடுராத்திரியில் மற்றவர்கள் தூக்கம் கெடுகிறது. ஃபிஸ்கார்டோவிலும் இத்தாக்காவின் கியோனியிலும் ஆகஸ்ட் மாலைகளில் ஒருவர் சங்கிலி மேல் இன்னொருவர் சங்கிலி விழுந்து, காலையில் யார் முதலில் கிளம்புவது என்று பேச்சுவார்த்தை நடக்கும். அதுவும் பாடம்தான்.

ஸ்ப்ளிட்டில் இது கிட்டத்தட்ட தலைகீழ். மரீனா எனப்படும் கட்டணப் படகுத்துறைகளில் உங்கள் நங்கூரத்துக்கே வேலையில்லை: கடலடியில் கனமான கல்லில் கட்டிய கயிறு ஒன்றின் முனை கரையில் இருக்கும், கொக்கியால் அதை எடுத்து, பாசியும் சிப்பியும் கையைக் கிழிக்க, முன்பக்கம் வரை இழுத்துப்போய்க் கட்ட வேண்டும். அந்தக் கயிறு புரொப்பல்லரில் சுற்றாமல் இருக்க உடனே கியரை நியூட்ரலுக்கு மாற்றுவதுதான் முக்கியத் திறமை. விரிகுடாக்களில் பல இடங்களில் படகைக் கட்டிக்கொள்ளக் காசு வாங்கும் மிதவைகள். ஆக, ஒரு வாரம் முடிந்தும் மதியச் சாப்பாட்டுக்கு நின்றபோது மட்டும்தான் நங்கூரம் போட்டோம் என்று ஆகிவிடலாம். செலவும் இங்கே கூடும். மரீனாக் கட்டணம், டீசல், சாப்பாடு பெரும்பாலும் பயிற்சிக் கட்டணத்தில் சேராது, எல்லாரும் ஒரு பொதுப் பணத்தில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஆனால் பயண வடிவம் ஸ்ப்ளிட்டில்தான் அழகு. முதல் நாள் பிராச் தீவுக்கும் ஷோல்டாவுக்கும் இடையிலான கால்வாய் வழியாக மில்னா, அப்புறம் ஹ்வார், துணிந்தால் வீஸ். வீஸ் ஸ்ப்ளிட்டிலிருந்து சுமார் 30 கடல் மைல், ஆகவே முழு நாள் பயணத்தைத் திட்டமிட ஒரு நியாயமான காரணம் கிடைக்கிறது. யூகோஸ்லாவியா காலத்தில் ராணுவத் தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவர் கால் வைக்க முடியாத தீவு அது. நீர்மூழ்கிகள் ஒளிந்துகொள்ளக் குடைந்த சுரங்கம் இன்னும் இருக்கிறது. வானிலைப் பாடமும் இங்கே காரம் அதிகம். நல்ல நாளில் மாயெஸ்ட்ரல் என்ற வடமேற்குக் காற்று அயோனியக் காற்று போலவே மதியத்தில் வரும். பூரா என்ற காற்று அப்படியல்ல, மலைக்குப் பின்னால் தேங்கிய குளிர்ந்த காற்று வழிந்து விழுவதால் அது சொல்லாமல் கொள்ளாமல் மேலிருந்து அடிக்கும். மலை முகட்டில் வெள்ளை மேகம் விளிம்பு கட்டி நின்றால் சந்தேகப்பட வேண்டும். யூகோ என்ற காற்று தென்கிழக்கிலிருந்து மெதுவாகக் கட்டியெழும்பி அலையையும் மழையையும் கொண்டுவரும். இன்று இரவு எந்தத் துறை எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று யோசிக்கும் பழக்கம் இந்தக் கடலில் தானாகவே வந்துவிடும். அதற்காக அயோனியன் எப்போதும் சாது என்று நினைக்க வேண்டாம், 2020 செப்டம்பரில் இயானோஸ் புயல் இத்தாக்காவையும் கெஃபலோனியாவையும் புரட்டிப் போட்டது.

துருக்கியின் தென்மேற்குக் கரை பற்றிக் கேட்பவர்களுக்கு: நங்கூரம் போட்டுவிட்டு, ஒருவர் நீந்திப்போய்க் கரையில் கயிறு கட்டுவது அங்கே வழக்கமான வேலை. அதில் தேற வேண்டுமென்றால் அதைவிட நல்ல இடமில்லை.

ஜிப்ரால்டர் வேறு ஜாதி. லெஃப்காடா, ஸ்ப்ளிட் இரண்டிலும் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்றஇறக்கம், என்பதைப் புத்தகத்தில்தான் பார்ப்பீர்கள். அதனால் அங்கே வாங்கும் டே ஸ்கிப்பர் சான்றிதழில் ஓதமில்லாக் கடல் என்று குறிப்பார்கள். ஜிப்ரால்டரில் நீர்மட்டம் ஏறி இறங்குவது பெரிய ஓதத்திலும் ஒரு மீட்டர் அளவுதான், ஆங்கிலக் கால்வாயோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. நீரோட்டம்தான் விஷயம். மத்தியதரைக் கடலில் ஆவியாகிப் போகும் நீரை ஈடுகட்ட அட்லான்டிக் நீர் மேல்மட்டத்தில் கிழக்கு நோக்கி உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, அதன்மேல் ஓதநீரோட்டம் ஏறிக்கொள்கிறது, கரையோரம் ஒரு நேரத்தில் திரும்பும், நடுவில் வேறு நேரத்தில். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதே கணக்காகிவிடும். லெவான்டர் என்ற கீழ்க்காற்று பலமாக இருக்கும்போது நீரோட்டம் எதிர்த்து வந்தால் நீரிணையின் ஸ்பெயின் கரையிலுள்ள டரிஃபா பக்கம் அலை செங்குத்தாக எழும், வயிறு தாங்காது.

அதோடு கப்பல் போக்குவரத்து. நீரிணையின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 14 கிலோமீட்டர், அதற்குள் பெருங்கப்பல்களுக்குத் தனித்தனிப் பாதைகள். எதிர்க்கரையிலுள்ள சேவுட்டாவுக்கோ மொராக்கோவுக்கோ குறுக்கே போகும்போது கடலில் மோதலைத் தவிர்க்கும் சர்வதேச விதிகளில் 10-ஆவது சொல்வது, படகின் முகம் பாதைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும் என்பதை; நீரோட்டம் தள்ளுவதால் நாம் உண்மையில் போகும் தடம் சாய்வாகத்தான் இருக்கும். தடத்தை நேராக்குகிறேன் என்று முகத்தைத் திருப்பினால் விதி மீறல், மேலும் அதிக நேரம் கப்பல் பாதையில் கிடப்போம். இதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்வது ஒன்று, பக்கத்தில் சரக்குக் கப்பல் வருகிறபோது செய்வது வேறு. ஓர்க்கா திமிங்கிலங்கள் 2020 முதல் இந்தப் பகுதியில் படகுகளின் சுக்கானை முட்டி உடைக்கின்றன, சில படகுகள் மூழ்கியும் இருக்கின்றன. அதனால் ஆழம் குறைந்த கரையோரத்தை ஒட்டிப் போவதும் பயணத் திட்டத்தில் சேர்ந்துவிட்டது.

என் கருத்து இதுதான். முதல்முறை என்றால் லெஃப்காடா, அதுவும் மே கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ; ஜூன் மாதத்தில் இருட்டவே ஒன்பது மணிக்கு மேலாகும் என்பதால் டே ஸ்கிப்பர்களின் இரவு ஓட்டம் எல்லார் தூக்கத்தையும் தின்னும். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு வாடகைப் படகு எடுக்கும் எண்ணம் இருந்தால் எங்கே எடுக்கப்போகிறீர்களோ அந்தக் கடலிலேயே கற்றுக்கொள்ளுங்கள். குரோஷியா என்றால் விஎச்எஃப் ரேடியோ சான்றிதழும் வேண்டும். அங்கேயே துறைமுக அலுவலகத்தில் தேர்வு எழுதி உள்ளூர் உரிமம் வாங்கலாம், ஆனால் அது காகிதம், கைப்பழக்கம் வேறு. டே ஸ்கிப்பருக்கும் மேலான யாட்மாஸ்டர் சான்றிதழ் வரை போகும் நோக்கமுள்ளவர் இரண்டாவது வாரத்தை ஜிப்ரால்டரில் கழிக்கட்டும். முதல் வாரமே அங்கே போனால் பாதிப் பேர் கடலை வெறுத்துவிட்டு வருவார்கள். விசா பக்கம் கிரீஸும் குரோஷியாவும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் நாடுகளின் கணக்குத்தான், குரோஷியா 2023-இல் சேர்ந்துவிட்டது.

பணம் கட்டும் முன் பள்ளியிடம் இரண்டு கேள்வி. ஒன்று, அதே படகில் எத்தனை டே ஸ்கிப்பர் மாணவர்கள்? ஒரு பயிற்றுநருக்கு 5 மாணவர் வரை அனுமதி உண்டு, அந்த ஐந்து பேருமே ஸ்கிப்பராகத் துடித்தால் மாலைத் துறைக்கட்டு ஆளுக்கு ஒன்றுதான் மிஞ்சும். இரண்டு பேர் டே ஸ்கிப்பர், மிச்சம் கம்பீட்டன்ட் க்ரூ என்றால் எல்லாருக்கும் லாபம். இன்னொன்று, பெரிய பாய் பாய்மரத்துக்குள்ளேயே சுருளும் வகையா, கொக்கியிலும் கயிற்றிலும் கட்டிச் சுருக்கும் வகையா? சுருளும் வகை வாடகைக்காரர்களுக்கு வசதி. பயிற்சிக்கு இரண்டாவது வகைப் படகு கிடைத்தால் கொஞ்சம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, அதையே எடுங்கள்.