ஒயிட்சாப்பல் பர்கர் கடை: இறைச்சிக்கு நாலு நட்சத்திரம், சிப்ஸுக்கு ஒன்று

போன சனிக்கிழமை மகள் கூட்டிப்போன கடை. கிழக்கு லண்டன் பள்ளிவாசலிலிருந்து ஐந்து நிமிட நடை. சிப்ஸைக் குறை சொல்லப்போவதால் பெயர் வேண்டாம், பையன்கள் பாவம்.

வாசலில் நான் தேடியது விலைப்பட்டியலை. அவள் தேடியது எச்.எம்.சி. என்ற ஹலால் கண்காணிப்பு அமைப்பின் சான்றிதழை. 'ஹலால்' என்ற பலகை மட்டும் அவளுக்குப் போதாது. அறுக்கும் முன் பிராணியை மயக்குவதைச் சில ஹலால் அமைப்புகள் ஏற்கின்றன. லெஸ்டரிலிருந்து இயங்கும் எச்.எம்.சி. ஏற்பதில்லை. எங்கள் ஊர் காயல்பட்டினத்தில் இதையெல்லாம் யார் கேட்டோம்? கறிக்கடைக்காரர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் பக்கத்தில் நிற்பார், அதோடு சரி. இத்தனைக்கும் இவள் வெளியே போகும்போது முக்காடு போடுவதில்லை. அதற்கு உம்மாவிடம் வாங்கும் திட்டு தனிக்கதை.

பர்கர் அருமை. கல்லில் அழுத்திச் சுட்ட கறி, ஓரமெல்லாம் ஆப்பம் மாதிரி முறுகல். மேலே மாட்டு பேக்கன். 9 பவுண்டு 50 பென்ஸ். கறுப்புக் கையுறை வேறு தருகிறார்கள். ஆபரேஷனுக்குப் போவதுபோல் இருந்தது. சிப்ஸ்தான் சொதசொத. மாற்றிக் கேட்டேன், வந்ததும் அதே லட்சணம்.

கோக் கேட்டதற்கு, "அது வைக்கிறதில்லை அங்கிள்" என்று பாலஸ்தீன் கோலாவை நீட்டினான் கல்லாப் பையன். 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பிறகு இந்தப் பக்கம் பல கடைகளில் இப்படித்தான். இனிப்பு கொஞ்சம் தூக்கல்.

பையனின் குடும்பம் வங்கதேசத்து சில்ஹெட். அப்பா பிரிக் லேனில் கறி ஹவுஸ் நடத்தியவர், பியரும் விற்றவர். 2001இல் அதே தெருவில் வெயிட்டராக நானும் பியர் சுமந்தவன்தான். மகள் பக்கத்தில் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. "வாடகை கட்ட அவருக்கு வேற வழியில்ல. எனக்கு இருக்கு" என்றான் பையன். குரலில் கோபம் இல்லை, கணக்குச் சொல்வதுபோல்தான் சொன்னான்.

மாலை மஃரிப் தொழுகைக்கு பேஸ்மென்ட்டில் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற இடம் ஒரே ஈரம், வழுக்கும், கவனம். நான் தொழுதுவிட்டு வந்ததும் மகள் எழுந்தாள். ஹூடியின் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, கையுறையை என் தட்டில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

சனிக்கிழமை மாலை போகாதீர்கள். மேசை கிடைக்க நாற்பது நிமிடம் நின்றோம்.